சிமல்டேனியிட்டி: 'ஒரேநேரத்தன்மை' வேண்டாம், 'உடனிகழ்மை' வைப்பம்

வணக்கம் அண்ணை,

சிமல்டேனியிட்டி (simultaneity), அதாவது ரெண்டு சம்பவம் ஒரு நேரத்தில நடக்கிறது என்ட பௌதிகச் சொல்லுக்கு 'ஒரேநேரத்தன்மை' என்டு வைப்பம், கேட்ட உடனே விளங்கும் என்டு நீங்க எழுதினது சரிதான், ஆனா அந்த 'ஒரே'யில நிக்கிற ஏகாரம்தான் எனக்கு உறுத்துது. எல்லாருக்கும் பொதுவா ஒரு நேரம் கிடக்கு என்ட நினைப்பு சொல்லுக்குள்ளயே வந்து குந்திடுது, 1905ல ஐன்ஸ்டைன் தன்ர சார்புக் கொள்கையில தூக்கி எறிஞ்சதே அதைத்தானே.

வெள்ளவத்தையில கிளாஸ் எடுக்கேக்க போர்டில ஓடுற கோச்சி ஒண்டைக் கீறி, ரெண்டு தலைப்பிலயும் மின்னல் அடிக்குது, பிளாட்போமில நடுவில நிக்கிறவருக்கு ரெண்டும் ஒண்டா அடிச்சது, கோச்சிக்குள்ள நடுவில இருக்கிறவருக்கு முன்பக்கம்தான் முதல் அடிச்சது என்டு சொன்னன். ஒரு பெடியன் எழும்பி, "சேர், வெளிச்சம் வந்து சேர லேட்டாகினதுதானே, அவர் அதைக் கழிச்சுப் பாத்தா சரிவந்திடும்தானே" என்டான். நல்ல கேள்வி, எல்லாரும் வழுக்குற இடமும் இதுதான். கழிச்சாலும் சரிவராது. கோச்சிக்காரருக்கு ரெண்டு தலைப்பும் சம தூரம், ரெண்டு பக்கத்தாலயும் வெளிச்சம் செக்கனுக்கு 299,792,458 மீற்றர்லதான் வருது, அப்ப முன்வெளிச்சம் முதல் வந்தா முன்மின்னல் முதல் அடிச்சது என்டுதான் அவர் கணக்குப் போடவேணும், அவரின்ர கணக்கில பிழையே இல்லை. 200 மீற்றர் கோச்சி மணிக்கு 60 கிலோமீற்றர்ல போனா வித்தியாசம் ஒரு செக்கனை நூறு லட்சம் கோடியாப் பிரிச்சா நாலு பங்குகூட வராது, ஆனா பூச்சியம் இல்லை. அதால 'தோற்றம்', 'காட்சி' எண்டு வாற எந்தச் சொல்லையும் எடுக்கக்கூடாது, இது கண்ணுக்குப் படுற விசயமே இல்லை.

'ஒருங்கமை'யை ஓ.எல். (சாதாரண தர) கணக்கில வாற ஒருங்கமை சமன்பாடு ஏற்கெனவே பிடிச்சிட்டுது, அங்க நேரத்துக்கு வேலையே இல்லை. 'சமகாலம்' என்டா இலக்கியம் கதைக்கிற மாதிரிக் கிடக்கு.

என்ர விருப்பம் 'உடனிகழ்மை'. நன்னூல்லயே மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என்டு பொருள் சொல்லியிருக்கு. 'தாயோடு பிள்ளை வந்தது', அவ்வளவுதான், ரெண்டும் சேர்ந்து நடந்தது என்டு சொல்லுதே தவிர பொது மணிக்கூடு ஒண்டையும் கொண்டுவரேல்லை. அப்ப உடனிகழ்வு, உடனிகழ்மை, உடனிகழ்மைச் சார்பு (உடனிகழ்மை அளக்கிறவரைப் பொறுத்து மாறுறது) என்டு வரிசையா வளரும், வாயிலயும் லேசா வருது.

ஒரு குறை இருக்கு, மறைக்கேல்லை. தாயும் பிள்ளையும் ஒரே இடத்துக்குத்தான் வருகினம். இடமும் ஒண்டா இருந்தா எந்தச் சட்டத்தில (பிளாட்போம், கோச்சி மாதிரி நிண்டு அளக்கிற இடம், frame of reference) நிண்டு பாத்தாலும் எல்லாரும் ஒத்துக்கொள்ளுவினம், அங்க இந்தச் சார்பே இல்லை. அதுக்கு 'சந்திப்பு' என்டு தனிச்சொல் வச்சு, உடனிகழ்வைத் தள்ளித் தள்ளி நடக்கிற சம்பவங்களுக்கு மட்டும் விடுவம்.

'சட்டம்' என்டதும் பிள்ளையள் நியூட்டன்ர விதியையோ என்டு பாக்குதுகள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில 'குறிப்பாயம்' என்டு போடினம், அதை எடுப்பமோ என்டதையும் சொல்லுங்கோ அண்ணை.