லைட்ரூம் வேகத்துக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?

உசிலைக் கேமராக்காரன்:
உசிலம்பட்டிப் பக்கம் கல்யாணம், காதணி விழா என்று படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். 24 மெகாபிக்சல் கேமரா, எல்லாம் ரா ஃபைல் (பதப்படுத்தாத மூலப் படம்). ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் சேர்ந்துவிடுகிறது. கணினி ஐ5-10400, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் அடுத்த படத்துக்குப் போனால் கொஞ்ச நேரம் மங்கலாக நின்று, பிறகுதான் தெளிகிறது. மதுரையில் ஒரு கடையில் விசாரித்தேன். "12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போடுங்கள், பறக்கும்" என்கிறார்கள். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்குள் சரிசெய்ய வேண்டும். வாங்கிவிடலாமா?

மேலூரான்:
போட்டோவுக்கு எதற்குக் கார்டு? அது கேம் விளையாடுகிறவர்களுக்கு. ராமை 16 ஆக்குங்கள், போதும்.

தெப்பக்குளம் ஆல்பக்காரர்:
தம்பி, பணத்தை எடுப்பதற்கு முன்னால் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை (எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டுவது) ஓரமாகத் திறந்துவைத்துக்கொண்டு, வழக்கம்போல் படங்களைத் தள்ளிப் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டி நிற்கிறதா? அப்படியானால் அந்த மங்கலுக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்தான். அதன்மேல் எந்தக் கார்டைப் போட்டாலும் படம் டிஸ்க்கிலிருந்து வந்துசேரும் வரை அதுவும் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

அப்படியானால் எஸ்எஸ்டி போடுங்கள்; சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு அது. மதர்போர்டில் எம்.2 இடம் (எஸ்எஸ்டியை நேராகச் செருகும் துளை) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, இல்லாவிட்டால் சாட்டா எஸ்எஸ்டி. விண்டோஸ், லைட்ரூம் கேட்டலாக் (படப் பட்டியலும் திருத்தங்களும் இருக்கும் ஃபைல்), நடப்பு வேலையின் படங்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 150 எம்பி படித்தாலே பெரிது. சாட்டா 500 தாண்டும், நல்ல என்விஎம்இ 3,000 தாண்டும். டெலிவரி முடிந்த கல்யாணங்களைப் பழைய டிஸ்க்குக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ராம் 16 போதும் என்கிறவர் ஆல்பம் வடிவமைத்ததில்லை போலும். 12-க்கு 36 அங்குலத் தாளை 300 டிபிஐயில் திறந்தால் 10,800-க்கு 3,600 பிக்சல். முழு லேயர் ஒன்றே ஏறக்குறைய 117 எம்பி. பின்னணி, மாப்பிள்ளை, பெண், பூவேலை, தாய்மாமன் என்று அடுக்கினால் கணக்கு ஜிபியில் போகும். ராம் நிறைந்ததும் போட்டோஷாப் மிச்சத்தை டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும், அப்புறம் அசையாது. (தாய்மாமன் படம் சின்னதாகிவிட்டால் வரும் சண்டைக்கு எந்த ராமும் போதாது, அது வேறு.) 16 ஜிபி இரண்டு வாங்கி ஜோடியாகப் போடுங்கள். ஒற்றையாகப் போட்டால் ராமின் முழு வேகம் கிடைக்காது.

பிராசசரைத் தொட வேண்டாம். திருத்திய படங்களை எக்ஸ்போர்ட் செய்ய அதன் ஆறு கோர் தாராளம்.

கார்டு எப்போது வேண்டும் என்றால், 2023-இல் லைட்ரூமில் வந்த ஏஐ டீநாய்ஸை (படத்தில் விழும் புள்ளிகளை நீக்குவது) அடிக்கடி பயன்படுத்தினால். தனிக் கார்டு இல்லாவிட்டாலும் ஓடும், ஆனால் ஒரு படத்துக்கே பல நிமிடம் தின்னும். நல்ல கார்டில் நொடிக்கணக்கில் முடியும்.

திருமங்கலம் ஸ்டுடியோ:
கேமராவின் மெமரி கார்டைப் படிக்கும் கார்டு ரீடரை எங்கே செருகுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். யுஎஸ்பி 2 துளையில் போட்டால் 64 ஜிபி மெமரி கார்டில் உள்ள படங்கள் இறங்க அரை மணி நேரம் ஆகும். யுஎஸ்பி 3 ரீடர் வாங்கி, பின்பக்கம் நீல நிறத் துளையில் போடுங்கள்.

உசிலைக் கேமராக்காரன்:
அண்ணே, பார்த்தேன். டிஸ்க் 100-லேயே நிற்கிறது; பிராசசர் இருபதைத் தாண்டவில்லை. எஸ்எஸ்டியும் ராமும் வாங்கிவிடுகிறேன். ஆனால் காதணி விழாவில் மொய் எழுதும் பந்தலில் டியூப் லைட் வெளிச்சம்தான், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்; கூடினால் புள்ளி விழும்) 6400 வரை போகிறது. டீநாய்ஸ் இல்லாமல் முடியாது. எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கேபினட்டோடு வந்தது. எத்தனை வாட் என்றே அதில் போடவில்லை.

தெப்பக்குளம் ஆல்பக்காரர்:
வாட் போடாத எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டைத் தொங்கவிடாதீர்கள். 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 தன்னளவில் 115 வாட்தான் எடுக்கும். ஆனால் மொத்தக் கணினிக்கும் சேர்த்து 550 வாட் எஸ்எம்பிஎஸ் வைக்கச் சொல்கிறது என்விடியா. ஆவணி வசூல் வந்ததும் இரண்டையும் ஒன்றாக வாங்குங்கள். அதுவரை மொய்ப் பந்தல் படங்களில் ஆல்பத்துக்குப் போவதை மட்டும் பொறுக்கி, டீநாய்ஸ் கொடுத்துவிட்டுத் தூங்கப் போங்கள். யுபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறதா?