ஓட்டுநர் உதவியா, ஓட்டுநர் துணையா? மழைச் சாலையில் வரும் தைரியத்துக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம். மின்னணுப் பாதுகாப்புக் கருவிகளை நம்பி மழைச் சாலையில் வேகம் கூட்டுவதற்குத் தமிழில் ஒரு சொல் தேடும் நம் இழைக்கு என் பங்கு இது.

'ஓவர் கான்ஃபிடன்ஸ்' என்பதற்கு 'மிகைநம்பிக்கை' என்று போட்டு இழையை முடித்துவிடலாம் என நேற்று இங்கே ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மிகைநம்பிக்கை பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும் இருக்கும், தேர்தலில் நிற்பவருக்கும் இருக்கும். நாம் பெயர் தேடுவது அந்தப் பொதுக் குணத்துக்கு இல்லை. வண்டியில் ஏபிஎஸ் (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு), வழுக்கல் கட்டுப்பாடு மாதிரி மின்னணு ஏற்பாடுகள் இருக்கின்றன என்பதாலேயே ஒருவர் நனைந்த சாலையில் தன்னை அறியாமல் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறாரே, அந்த ஒன்றுக்கு மட்டும்தான். 'தன்னை அறியாமல்' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கே நடந்தது.

நான் இருப்பது தண்டையார்பேட்டை. பதினோரு வருஷம் ஓட்டிய பழைய காரில் ஏபிஎஸ் கிடையாது. தூறல் விழுந்தாலே முப்பதைத் தாண்ட மாட்டேன், முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவில் இரண்டு பஸ் நிற்கிற இடம் விட்டுத்தான் போவேன். புது வண்டி வாங்கிய பிறகு வந்த ஐப்பசியில், நல்ல மழை பிடித்த முதல் நாள் காலை ஆறரை மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். எப்போதும்போல வரிசையாகக் கன்டெய்னர் டிரெய்லர்கள். முன்னால் இருந்த டிரெய்லரின் பின்விளக்கு சிவந்ததும் பிரேக்கை மிதித்தேன். பெடல் என் உள்ளங்காலைக் கடகடவென்று திருப்பி உதைத்தது. வண்டி கொஞ்சமும் திரும்பாமல் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது, ஆனால் நிற்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு முழம் இடைவெளியில் நின்றபோது, டிரெய்லரின் பின்கம்பியில் மஞ்சள் பெயின்ட்டில் எழுதியிருந்த 'அம்மன் துணை'யில் ணகரத்தின் சுழி உரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. மிதித்தபோது வேகம் 55. அதே சாலை, அதே மழை, பழைய வண்டியாக இருந்தால் 30தான். இந்த 25 எப்போது கூடியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடமும் பெருமை பேசவில்லை, பந்தயம் ஓட்டவில்லை. அதனால்தான் 'தெனாவட்டு', 'இறுமாப்பு' இரண்டும் இங்கே பொருந்தாது என்கிறேன். அவை ஆளின் குணத்தைத் திட்டுகிற சொற்கள். திட்டு என்று தெரிந்தால் யாரும் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சொல்லுக்குப் போகும் முன், ஏபிஎஸ் எதைச் செய்கிறது, எதைச் செய்யாது என்பதில் நாம் தெளிவாக இருக்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடாமல், பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பல முறை விட்டுப் பிடிக்கிறது. அதனால் பிரேக் மிதித்திருக்கும்போதே ஸ்டீரிங் கேட்கும். அன்றைக்கு நான் இடது பக்கம் வளைத்து ஒதுங்கியிருக்கலாம், அதற்காகத்தான் அந்தக் கருவியே, எனக்கு அந்த நொடியில் தோன்றவில்லை. ஆனால் டயருக்கும் தாருக்கும் நடுவில் இல்லாத பிடிமானத்தை அது கொண்டுவந்து தராது. காய்ந்த தாரில் உராய்வுக் கெழு (டயர் சாலையைப் பிடிக்கும் அளவு) 0.7, நனைந்த தாரில் 0.4 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் காய்ந்த சாலையில் சுமார் 20 மீட்டரில் நிற்கும், நனைந்த சாலையில் 35 மீட்டர் வேண்டும். கால் பிரேக்குக்குப் போகிற ஒரு நொடியில் வண்டி ஓடும் 17 மீட்டர் இதில் சேரவில்லை. அதே நனைந்த சாலையில் 40-ல் போனால் 16 மீட்டர் போதும். அந்த 0.4-ஐ எந்த மின்னணுக் கருவியும் 0.7 ஆக்காது. எங்கள் பக்கத்தில் அது 0.4-க்கும் கீழே இறங்குகிற இடங்கள் இருக்கின்றன: லாரிகள் சிந்திய ஆயிலும் தூசியும் முதல் மழையில் குழைந்து கிடக்கிற மணலி சாலை, மீன் வண்டிகளின் ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி வெயில் நாளிலும் ஈரமாகவே கிடக்கிற காசிமேட்டு ஓரம்.

பைக்கில் இன்னொரு சங்கதியும் உண்டு. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம், நல்லது. ஆனால் பல வண்டிகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான். 'ஏபிஎஸ் வண்டி' என்று ஒரே சொல்லாகச் சொல்லிப் பழகிய பையனுக்குப் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்பது விழுந்த பிறகுதான் தெரிகிறது.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டும் இல்லை. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரே நிறுவனத்து டாக்சிகளில் ஒரு பகுதிக்கு ஏபிஎஸ் பொருத்தி, மீதியைப் பொருத்தாமல் விட்டு ஆராய்ந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் இரண்டு பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஏபிஎஸ் வண்டி ஓட்டியவர்கள் வளைவுகளில் கூடுதல் துணிச்சலோடு ஓட்டியதும் தெரியவந்தது. இதை வைத்துக்கொண்டு கருவியே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது. வண்டி சுழன்றுவிடாமல் காக்கும் நிலைப்புக் கட்டுப்பாடும், பைக்குகளில் ஏபிஎஸ்ஸும் உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. காப்பாற்றிய இடத்திலேயே அதில் ஒரு பங்கை நாம் வேகமாகச் செலவழித்துவிடுகிறோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பாதுகாப்பு கூடினால் மனிதர்கள் அதற்கேற்பத் துணிந்துவிடுகிறார்கள் என்ற பொதுக் கொள்கைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'ரிஸ்க் காம்பன்சேஷன்' என்ற பெயரை 'இடர் ஈடுசெய்தல்' என்று பெயர்த்திருக்கிறார்கள். 'ஈடு' என்றதும் நம் ஆட்களுக்கு நஷ்டஈடும் இன்சூரன்ஸும்தான் ஞாபகம் வரும். திருக்குறளில் ஒரு அதிகாரத்துக்கே பெயராக இருக்கிற 'பொச்சாவாமை'யிலிருந்து 'பொச்சாப்பு' (மறதியால் வரும் கவனக்குறைவு) என்ற சொல்லை எடுக்கலாம் என்று ஒரு நண்பர் எழுதினார். பொருள் அருமையாகப் பொருந்துகிறது, ஆனால் டிரைவிங் ஸ்கூலில் அதை வாய்விட்டுச் சொல்லிக் கற்பிக்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது இதே இழையில் அக்கா ஒருவர் சொன்ன 'பிடிமான மயக்கம்'. திணை மயக்கம், வேற்றுமை மயக்கம் என்று இலக்கணத்தில் ஒன்று இன்னொன்றின் இடத்தில் வருவதைச் சொல்கிறோம், இங்கேயும் கருவியைப் பிடிமானம் என்று எடுத்துக்கொள்வதுதான் நடக்கிறது. அழகான யோசனை, அக்கா. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 'மழையில் ஓட்டும்போது மயக்கம் வரும்' என்று என் வீட்டில் சொல்லிப் பார்த்தபோது, "அப்போ சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க" என்றுதான் பதில் வந்தது.

சரி, என் முன்மொழிவு. முதலில் இந்த மின்னணு ஏற்பாடுகளைப் பொதுவாக 'ஓட்டுநர் உதவி' என்று இப்போது எழுதுகிறோமே, அதை மாற்ற வேண்டும். உதவி என்றால் உதவித்தொகை, உதவி மையம் என்று வெளியிலிருந்து ஒருவர் கொடுப்பதாகத் தோன்றுகிறது. வண்டிக்குள்ளேயே கூட வருவது துணை. 'ஓட்டுநர் துணை' என்போம். நம் ஆட்டோ, லாரி எல்லாவற்றின் நெற்றியிலும் முதுகிலும் ஏற்கெனவே இருக்கிற சொல், யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் துணை இருக்கிறது என்பதால் வருகிற தைரியத்துக்குத் 'துணைத்துணிவு' என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். அப்புறம் எங்கள் தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தபோது, டயரின் பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மி.மீ. அடையாள மேடு ரப்பரோடு சமமாகிவிட்ட மொட்டை டயர் ஒன்றை விரலால் தடவிக் காட்டிச் சொன்னார்: "ஏபிஎஸ் வண்டிக்காரங்க நிறைய பேர் இப்படித்தான் வர்றாங்க தம்பி. பிரேக் பாத்துக்கும்ன்ற துணிச்சல்." அவர் துணிவு என்று சொல்லவில்லை. துணிவு என்றால் நாம் பாராட்டுவது. துணிச்சலில் பாராட்டும் உண்டு, 'என்ன துணிச்சல்' என்ற கண்டிப்பும் உண்டு.

ஆகவே 'துணைத்துணிச்சல்'. வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: 'மழைக்காலத்தில் துணைத்துணிச்சலைக் கவனியுங்கள், பழைய வண்டியில் போன வேகத்திலேயே போங்கள்.' 'துணைத்துணிச்சலால் பின்மோதல்.' பயிற்சிப் பள்ளிக்கும் ஆகும், காவல்துறைக் குறிப்புக்கும் ஆகும் என்று நினைக்கிறேன். நடுவில் ஒற்று மிகுவதால் சேர்த்தே எழுதலாம். 'துணை' என்றதும் பக்கத்தில் உட்காரும் ஆள் என்று தோன்றிவிடுமோ என்ற ஒரே சந்தேகம் எனக்கு மிச்சம் இருக்கிறது, அதற்கு ஐயா பதில் சொல்லட்டும்.

தண்ணீர்ப் படலத்தின்மேல் டயர் ஏறித் தார் தொடாமல் போவதற்கு 'நீர்மிதப்பு' என்று வைத்திருக்கிறேன், அதைத் தனி இழையில் எழுதுகிறேன்.