முடியில் லட்சத்தில் ஒரு பங்காம்!

அளவுகோல்:
'நானோ தொழில்நுட்பம்: ஓர் எளிய அறிமுகம்' என்று தேனடை நேற்று ஒரு நீண்ட கட்டுரை போட்டிருக்கிறார். முதல் பத்தியிலேயே, "ஒரு நானோமீட்டர் என்பது தலைமுடியின் தடிமனில் லட்சத்தில் ஒரு பங்கு" என்கிறார். யாருடைய முடி ஐயா அது? லட்சம் நானோமீட்டர் என்றால் 0.1 மில்லிமீட்டர். முப்பது ஆண்டுகள் ஆய்வகத்தில் திருகு அளவி பிடித்த கை இது. அவ்வளவு தடித்த முடி ஒருமுறைகூட என் கையில் சிக்கியதில்லை. எழுபதாயிரம், மிஞ்சினால் எண்பதாயிரம். அஸ்திவாரமே கோணல்.

தேனடை:
வணக்கம் ஐயா. கட்டுரை 14 பத்தி. இயற்பியலாளர் ஃபெயின்மன் 1959 டிசம்பர் 29 அன்று ஆற்றிய உரை, தானிகுச்சி 1974இல் 'நானோ தொழில்நுட்பம்' என்ற சொல்லை முதலில் எழுதியது, பின்னிக்கும் ரோரரும் 1981இல் அணுவைத் தனியே காட்டும் நுண்ணோக்கியை உருவாக்கியது, 1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் 35 செனான் அணுக்களை நகர்த்தி வைத்து மூன்று எழுத்து எழுதியது, எல்லாம் இருக்கின்றன. உங்கள் கண்ணில் பட்டது முடி மட்டும். மனித முடி ஐம்பதாயிரத்திலிருந்து லட்சம் நானோமீட்டர் வரை இருக்கும். நினைவில் நிற்கட்டுமே என்று முழு எண்ணாக லட்சத்தை எடுத்தேன்.

அளவுகோல்:
முழு எண் வேண்டுமாம்! நாளைக்கு மருந்தையும் முழு எண்ணுக்காகக் கூட்டிக் கொடுப்பாரா? எண்பதாயிரத்தை லட்சம் என்பது நூற்றுக்கு இருபத்தைந்து பிழை. என் மாணவன் இப்படி எழுதியிருந்தால் ஏட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

நெய்தல்:
முடியை விடுங்களேன். மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்று நானோமீட்டர். ஏறத்தாழ 1 முதல் 100 வரையிலான அளவில் பொருளின் குணமே மாறுகிறது, அதைப் பயன்படுத்துவதுதான் இந்தத் துறை. 20 நானோமீட்டர் தங்கத் துகள்களை நீரில் மிதக்கவிட்டால் நீர் மஞ்சளாக இருக்காது, மாணிக்கச் சிவப்பாக இருக்கும். ஃபாரடே 1857இலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தை ஒரு நானோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால், 6 சதுர சென்டிமீட்டராக இருந்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டராகிவிடும். வினையூக்கிகள் நுண்துகளாக இருக்கும்போது நன்றாக வேலை செய்வதற்கு அதுவே பெரிய காரணம். இதைப் பற்றிப் பேசலாமே?

கரிச்சான்:
பேசலாம் அம்மா, ஆனால் முதலில் ஒன்று. அளவுகோல் அவர்களே, உங்கள் திருகு அளவியின் மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர். அதாவது பத்தாயிரம் நானோமீட்டர். கூடவே அது முடியை நசுக்கியும்விடும். பத்தாயிரத்துக்குக் கீழே எதுவுமே தெரியாத கருவியை வைத்துக்கொண்டு நானோமீட்டருக்கு நாட்டாமை செய்கிறீர்கள். போன மாதம் ஒளியாண்டு தூரமா காலமா என்று மூன்று நாள் இழுத்தவரும் நீங்கள்தானே?

அளவுகோல்:
ஒளியாண்டில் நான் சொன்னதுதான் சரி. அதை வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம். திருகு அளவி வேண்டாமா? நல்லது. நேற்றிரவு என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினேன். அட்டையில் ஓட்டை போட்டு அதன் குறுக்கே ஒட்டினேன். விளக்கை அணைத்துவிட்டு, 650 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு லேசரை அதன்மேல் காட்டினேன். சுவர் சரியாக இரண்டு மீட்டர் தள்ளி. புள்ளியாக விழ வேண்டிய ஒளி பக்கவாட்டில் நீண்ட கோடாக இழுபட்டது, நடுநடுவே கரும்பட்டைகள். விளிம்பு விளைவு என்று பெயர், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு கரும்பட்டைகளுக்கு இடையே 19 மில்லிமீட்டர். அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, இந்த 19ஆல் வகுத்தால் 68,400 நானோமீட்டர். லட்சம் எங்கே?

கரிச்சான்:
பெரியவரே, உங்கள் தலையில் மிஞ்சியிருப்பதை வைத்து மனித குலத்துக்கே கணக்குச் சொல்லலாமா?

அளவுகோல்:
தனிமனிதத் தாக்குதல். எதிர்பார்த்ததுதான். எண்ணில் பதில் இல்லாதவர்கள் தலையில் கை வைப்பார்கள்.

பழஞ்சொல்:
நண்பர்களே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'முடி' என்பது அரசன் தலையில் இருப்பது. நீங்கள் அளப்பது மயிர். வள்ளுவர் கவரிமாவுக்கு எழுதிய சொல்லும் அதுவே. ஏன் கூசுகிறீர்கள்?

கரிச்சான்:
வள்ளுவர் எழுதினால் குறள். இந்தச் சூட்டில் இங்கே எழுதினால் வசவு.

அளவுகோல்:
மயிரோ முடியோ, லட்சம் இல்லை.

தேனடை:
அதே சோதனையை என் தங்கையின் முடியில் செய்தேன். அதே 650, அதே இரண்டு மீட்டர். இடைவெளி 13.5 மில்லிமீட்டர். 96,300 வருகிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

அளவுகோல்:
96,300 என்பதும் லட்சம் இல்லை. தவிர, அந்த முடிக்குச் சாயம் பூசியிருக்கிறதா என்று ஏன் சொல்லவில்லை?

நெய்தல்:
வெயில் களிம்பில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பெரிய துகளாக இருந்தால் முகத்தில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். சில பத்து நானோமீட்டருக்குக் குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். கொரோனா தடுப்பூசிகள் சிலவற்றில் புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் மூலக்கூறான எம்ஆர்என்ஏவைப் பொதிந்து கொண்டுபோனவை சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புத் துகள்கள். 2023 வேதியியல் நோபல் பரிசு குவாண்டம் புள்ளிகளுக்கு, அதாவது சில நானோமீட்டரே உள்ள குறைக்கடத்தித் துகள்களுக்கு. பொருள் ஒன்றே, அளவை மாற்றினால் நிறம் மாறும்: சிறியது நீலம், பெரியது சிவப்பு. யாராவது படிக்கிறீர்களா?

புதுவரவு:
படித்தேன் அக்கா. ஒரு சந்தேகம். என் கைப்பேசியின் சில்லு 3 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஒரு முடியின் அகலத்தில் முப்பதாயிரம் டிரான்சிஸ்டர் அடுக்கலாமா?

நெய்தல்:
இல்லை தம்பி. அந்த 3 வெறும் வணிகப் பெயர். டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பகுதிக்கு வாயில் என்று பெயர். அடுத்தடுத்த இரண்டு வாயில்களுக்கு இடைப்பட்ட தூரமே 40 நானோமீட்டருக்கு மேல்.

அளவுகோல்:
தம்பி முப்பதாயிரம் என்று கணக்கிட்டது எதனால்? முடியை லட்சத்துக்குப் பக்கத்தில், தொண்ணூறாயிரமாக எடுத்துக்கொண்டதால்! பிழை எப்படிப் பரவுகிறது பாருங்கள். தேனடை, அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது.

கரிச்சான்:
வணிகப் பெயரை நம்பி ஏமாந்தவனைக் காட்டி முடிக்கு வழக்காடுகிறாரே! ஒளியாண்டிலும் இதே கதைதான்.

அளவுகோல்:
ஒளியாண்டைத் தொடாதீர்கள் என்றேன்.

தேனடை:
தாங்க முடியவில்லை. வரியை மாற்றிவிட்டேன். என் கணக்கு தவறு என்பதால் இல்லை, இந்த நச்சரிப்பு ஓயட்டும் என்றுதான். இப்போது, "ஒரு நானோமீட்டர் என்பது ஒரு தாளின் தடிமனில் லட்சத்தில் ஒரு பங்கு" என்று இருக்கிறது.

அளவுகோல்:
எந்தத் தாள்?