ஜென்னி சாவிலின் கோடுகள் பெருகியது தாய்மையாலா?

கேள்வி: தூரிகைமுனை

பிரிட்டனைச் சேர்ந்த ஓவியர் ஜென்னி சாவிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயன்று வருகிறேன். கிளாஸ்கோ கலைப் பள்ளியில் படித்த காலத்தில், 1992-இல், அவர் தீட்டிய ‘ப்ராப்ட்’ ஓவியத்தில் ஒரு பருத்த உடல் முக்காலியொன்றில் அசையாமல் அமர்ந்து நம்மை மேலிருந்து பார்க்கிறது. 2009-க்குப் பிறகு வந்த படைப்புகளிலோ எந்த உடலும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு கைக்கு மூன்று கைகள், ஒரு குழந்தைக்கு இரண்டு முகங்கள் என்று கோட்டின்மேல் கோடு விழுந்துகொண்டே இருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் இரண்டு குழந்தைகளுக்குத் தாயானார். இந்த மாற்றத்துக்குத் தாய்மையைக் காரணமாகச் சொல்வது முறையான வாசிப்பாகுமா, அல்லது பெண் ஓவியர் என்பதாலேயே வாழ்க்கை வரலாற்றைப் படைப்பின்மேல் ஏற்றிவிடுகிறோமா?

பதில்: கரித்துண்டு

முறையான வாசிப்புதான் என்பது என் கருத்து. ஆனால் தாய்மையை அவருடைய பேசுபொருளில் தேடினால் பாதிதான் கிடைக்கும்; வரையும் முறையில் தேட வேண்டும். நீங்கள் குறிப்பிடும் கோட்டோவியங்கள், லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கும் லியொனார்டோ டா வின்சியின் பெரிய கரிக்கோட்டுப் படத்தை முன்வைத்து வரையப்பட்டவை. அந்தப் படத்தில் மரியாள், அவருடைய தாய் அன்னம்மாள், குழந்தை இயேசு, குழந்தை யோவான் ஆகிய நால்வரும் ஒருவரோடொருவர் ஒட்டி இருப்பதால், எந்தக் கால் யாருடையது என்று சற்று நின்று பார்த்தால்தான் தெரியும். சாவில் அந்த ஒட்டுதலை எடுத்துக்கொண்டார், அதிலிருந்த அமைதியை விட்டுவிட்டார். அவருடைய குழந்தைகள் திமிறுகின்றன, நழுவுகின்றன, தாயின் பிடியிலிருந்து வெளியே பாய்கின்றன. முந்தைய நிலையில் இருந்த காலை அவர் அழிப்பதில்லை. அதன்மேலேயே அடுத்த நிலையை வரைகிறார்.

2011-இல் தீட்டிய ‘தி மதர்ஸ்’ என்ற தைல வண்ண ஓவியத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஏறத்தாழ 270 சென்டிமீட்டர் உயரமுள்ள அந்தக் கான்வாஸில், கருவுற்ற வயிற்றோடு இருக்கும் தாய் இரண்டு குழந்தைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தலைகளும் கைகால்களும் கரிக்கோடுகளாக மீண்டும் மீண்டும் முளைக்கின்றன. சாவில் பெரும்பாலும் ஒளிப்படங்களைப் பார்த்தே வேலை செய்பவர் என்பதால், அசைவை நிறுத்திவிட அவரால் முடியாமல் இல்லை. நிறுத்த வேண்டாம் என்று அவர் எடுத்த முடிவைத்தான் நான் தாய்மையின் பங்கு என்று சொல்வேன். தம் குழந்தைகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் தாளில் வண்ணம் அப்புவதைக் கண்டது தமக்கும் ஒரு விடுதலையைத் தந்ததாக அவரே பேசியிருக்கிறார்.

பதில்: எதிர்க்கரை

கரித்துண்டு சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். ஆயினும் கேள்வியின் இரண்டாம் பாதியை அவர் எளிதாகக் கடந்துவிட்டார். குறைந்தது பதினான்கு பிள்ளைகளுக்குத் தந்தையென அறியப்பட்ட பிரிட்டிஷ் ஓவியர் லூசியன் ஃப்ராய்ட், தம் மகள்களை ஆடையின்றி அமரவைத்தும் வரைந்தவர். ஆயினும் ‘தந்தைமை அவருடைய தூரிகையை எப்படி மாற்றியது’ என்பதை யாரும் முதல் கேள்வியாக வைப்பதில்லை. சாவிலின் உருவங்கள் தாய்மைக்கு முன்பே ஒற்றை உடலின் எல்லையைச் சோதித்தவை. 1993-இன் ‘ப்ளான்’ ஓவியத்தில், கொழுப்பகற்றும் அறுவைச் சிகிச்சைக்காகக் குறிக்கப்படும் கோடுகள் நிலப்படத்தின் உயரக்கோடுகள்போல உடலெங்கும் ஓடுகின்றன. ஆகவே உடலின்மேல் கோடு என்பது 2009-இல் திடீரென்று வந்ததல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் உங்கள் கட்டுரை, மகப்பேற்றால் மலர்ந்த கலைஞர் என்ற பழைய கதையில் போய் முடியும்.

பதில்: நீலச்சாயம்

ஒப்பிட்டுப் பார்க்க ஓவியர் மார்லீன் டூமாவை எடுத்துக்கொள்ளலாம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து 1976 முதல் நெதர்லாந்தில் வாழும் இவருக்கு 1989-இல் மகள் பிறந்தாள். அடுத்த ஆண்டே ‘தி ஃபர்ஸ்ட் பீப்பிள்’ என்ற தலைப்பில் நான்கு பெரிய ஓவியங்களைத் தீட்டினார். பிறந்து சில நாட்களே ஆன சிசுக்கள் அவற்றில் பெரியவர்களின் அளவுக்கு நிமிர்ந்து நிற்கின்றன. உப்பிய வயிறு, நகம்போல வளைந்த விரல்கள், தோலில் ஊதாவும் பச்சையும். அவற்றைக் கண்டு கொஞ்சத் தோன்றாது. சற்று அச்சமே தோன்றும். குழந்தையை முதன்முதலில் கையில் வாங்குபவருக்கு அந்த அச்சம் புதிதல்ல, ஆனால் வாழ்த்து அட்டைகளில் அதற்கு இடமில்லை. 1994-இல் வரைந்த ‘தி பெயின்டர்’ இதற்கும் ஒரு படி மேலே போகிறது. மகளின் ஒளிப்படத்தை ஆதாரமாகக் கொண்ட அந்தச் சிறுமி கைகளில் வண்ணம் வடிய, முறைத்த பார்வையோடு நிற்கிறாள். தலைப்பின்படி ஓவியர் அவள்தான், வரைந்தவர் அல்ல. அதே காலத்தில் டூமா தம்முடைய மையோவியங்கள் சிலவற்றை மகளிடமே கொடுத்து, அவற்றின்மேல் அவளை வண்ணம் தீட்டவிட்டார். அந்தத் தொகுதிக்கு ‘அண்டர்கிரவுண்ட்’ என்று பெயர். தாயும் பிள்ளையும் ஒரே தாளைப் பகிர்ந்துகொண்ட பிறகு எந்தக் கோடு யாருடையது என்று பிரிப்பது, லியொனார்டோவின் படத்தில் கால்களைப் பிரிப்பதைக் காட்டிலும் கடினம்.

எதிர்க்கரை எழுப்பும் ஆட்சேபம் டூமாவிடம் அவ்வளவாகப் பலிக்காது என்றும் தோன்றுகிறது. தாய்மையை அவர் படத்திலேயே வைத்துவிட்டார். அதை நாம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றவில்லை.

பதில்: எதிர்க்கரை

டூமா விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ‘தி பெயின்டர்’ நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது; அதன் தெளிவான படத்தை அவர்களுடைய தளத்திலேயே பார்க்கலாம். சாவிலைப் பொறுத்தவரை என் தயக்கம் அப்படியே இருக்கிறது.

கேள்வி கேட்டவர்: தூரிகைமுனை

அனைவருக்கும் நன்றி. கட்டுரையை ‘ப்ளான்’ ஓவியத்தின் உயரக்கோடுகளிலிருந்து தொடங்கி, ‘தி மதர்ஸ்’ வரை கோடு என்ற ஒன்றை மட்டும் பின்தொடர்ந்து எழுதுவதாக மாற்றிக்கொள்கிறேன். டூமாவைத் தனிக் கட்டுரையாக எழுதுவதே பொருத்தம் என்று தோன்றுகிறது. அவருடைய நான்கு சிசுக்களை இரண்டு பத்திகளுக்குள் அடக்க முடியாது.