12 வயதுப் பையனுக்கு முன்பல் போச்சு, இப்போதைக்கு என்ன கட்டலாம்?

கோபி அப்பா: பையன் வாய்க்கால் மேட்டில் சைக்கிளோடு விழுந்து மேல் முன்பல் வேரோடு போய்விட்டதுங்க. டாக்டர் கழற்றி மாட்டும் பல் போதும் என்கிறார். நிரந்தரமாகவே இம்பிளாண்ட், அதான் தாடை எலும்பில் திருகிப் பதிக்கும் செயற்கைப் பல், வைத்துவிட்டால் என்னங்க?

ஈரோடு பல் டாக்டர்: வேண்டாங்க. இம்பிளாண்ட் எலும்போடு பிடித்துக்கொள்ளும், தாடை வளர வளர பக்கத்துப் பற்கள் இறங்கி வரும், இது மட்டும் நட்டு வைத்த கல்லுக்கால் மாதிரி அங்கேயே நின்று குட்டையாகத் தெரியும். வளர்ச்சி நின்ற பிறகுதான், பெரும்பாலும் 18 தாண்டித்தான். அதுவரை இடத்தைச் சும்மாவும் விடாதீங்க, பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடும்.

பொள்ளாச்சிக்காரி: என் மகளுக்கும் அந்தக் கழற்றி மாட்டும் பல்தான், பிளேட் என்பார்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடணும். வளர்ந்ததும் இறுகியது, புதுசு செய்தோம். கபடிக்குப் போனால் கழற்றச் சொல்லுங்க அண்ணா.

ஈரோடு பல் டாக்டர்: ஆமாங்க. கொஞ்சம் பெரியவனானதும், பக்கத்துப் பல்லின் பின்புறம் ஒட்டி நிறுத்தும் செயற்கைப் பல்லும் உண்டு, பாலம் என்போம், பல்லை அதிகம் ராவ வேண்டியதில்லை.