ஏஸ் கேட்டுக் கெட்ட கதைகள்

ஒரு டவுன்:
போன ஞாயிறு ஆடிய பிரிட்ஜ் சீட்டாட்டம், இன்னும் மனசு ஆறவில்லை. ஹார்ட் துருப்பு, நாங்கள் வல்னரபிள், அதாவது பரிசும் அபராதமும் அதிகம். என்னிடம் ஹார்ட் ஏஸ், ராஜா, டைமண்ட் ஏஸ். ஏஸ் எத்தனை என்று விசாரிக்கும் 4 நோ டிரம்ப் கேட்டேன், பார்ட்னர் 5 டைமண்ட் என்றார். கீகார்டு (நாலு ஏஸ், துருப்பு ராஜா இவற்றில்) ஒன்று இருக்கிறது என்று நினைத்து 6 ஹார்ட் போட்டேன், பன்னிரண்டு பிடி எடுக்க வேண்டிய ஸ்லாம். அவர் ஆடியதோ 1430 என்ற வேறு பதில் முறை. அதில் 5 டைமண்டுக்குப் பூஜ்யம் அல்லது மூன்று என்று அர்த்தம். இடதுபக்கத்துக்காரர் ஸ்பேட் ஏஸை இறக்கினார். டம்மி, அதாவது பார்ட்னர் கை, மேஜையில் விரிந்தது. ராஜாவும் ராணியுமாகக் கல்யாண வீடு மாதிரி இருக்கிறது, ஏஸ் ஒன்றுகூட இல்லை. அடுத்த சீட்டு கிளப் ஏஸ். ஐந்தில் நின்றிருந்தால் 650, ஒரு பிடி குறைந்து ஒரு டவுன் ஆனதால் கிடைத்தது மைனஸ் 100. ஆடுவதற்கு முன் "கீகார்டுதானே?" என்று கேட்டேன், "ஆமாம்" என்றார். எந்த வகை என்று இருவருமே கேட்கவில்லை.

கிளப் ராணி:
இதெல்லாம் ஒரு கஷ்டமா? பார்ட்னர் 1 நோ டிரம்ப் திறந்தார். நான் 4 கிளப், கெர்பர், அதுவும் ஏஸ் கேட்பதுதான். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பச்சை அட்டையை மேஜையில் வைத்தார். பாஸ்! என் கையில் 18 புள்ளி, கிளப் இரண்டே சீட்டு. டம்மியில் மூன்று. ஐந்து துருப்போடு ஆடினேன். எதிரிகள் டபுள்கூடச் சொல்லவில்லை, சிரிப்பை அடக்கவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

பழைய ஜோடி:
ஒரு டவுன் சார், பார்ட்னரைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் ஸ்பேட் எப்படி இருந்தது? இரண்டு குட்டிச் சீட்டா? அப்படியென்றால் கேட்டதே தப்பு. ஏலம் கேட்காத சூட்டில் இரண்டு சின்னச் சீட்டு இருந்தால் க்யூ பிட் (எந்தச் சூட்டில் பலம் என்று காட்டும் ஏலம்) போட வேண்டும். கையில் வாய்டு, அதாவது சீட்டே இல்லாத சூட், இருந்தாலும் கேட்கக் கூடாது. ஒரு ஏஸ் என்று பதில் வந்தால் அது எந்த ஏஸ் என்று தெரியாது. 1 நோ டிரம்புக்கு மேல் 4 நோ டிரம்ப் என்றால் ஸ்லாமுக்கு அழைப்பு, ஏஸ் கேள்வி இல்லை. ஈஸ்லி பிளாக்வுட் 1933இல் இந்த 4 நோ டிரம்ப் கேள்வியைக் கொண்டுவந்தது இரண்டு ஏஸ் இல்லாத ஸ்லாமில் போய் விழாமல் இருக்கத்தான். நம் ஆட்கள் ஸ்லாம் ஆசை வந்ததும் முதலில் கேட்டுவிடுகிறார்கள், பதிலை வைத்து என்ன செய்வது என்று அப்புறம் யோசிக்கிறார்கள். எனக்கும் ஒரு முறை நடந்தது. கிளப் துருப்பு, இரண்டு ஏஸ் தேவை, வந்தது 5 டைமண்ட், ஒரே ஒரு ஏஸ். 5 கிளப் தாண்டியாயிற்று. ஆறு ஆடி ஒரு டவுன்.

மெளன சாமி:
பார்ட்னர் ஏஸ் கேட்டார், இரண்டு காட்டினேன். அவர் கூரையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், கடைசியில் 5 ஸ்பேட். நான் 6 போட்டேன், பன்னிரண்டு பிடியும் வந்தது. எதிரிகள் டைரக்டரை, அதாவது நடுவரை, கூப்பிட்டுவிட்டார்கள். அவர் தயங்கியதைப் பார்த்துத்தான் நான் ஏற்றினேனாம். 1430 புள்ளி போய் 680 ஆனது. உண்மையைச் சொன்னால், பார்த்தேன்தான்.

ஒரு டவுன்:
ஸ்பேட் 10, 4. பார்ட்னரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்.