தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரை: உங்கள் ஊர் அனுபவங்களைச் சொல்லுங்கள்

எங்கள் ஊருக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் 18 கிலோமீட்டர். போன சித்திரையில் சித்தப்பாவின் வைக்கோல் போர் பற்றிக்கொண்டபோது 101-க்கு அடித்தவன் நான்தான். பதற்றத்தில் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். அதே பெயரில் ஆற்றுக்கு அக்கரையில் இன்னொரு ஊர் இருப்பது அப்போது உறைக்கவே இல்லை. வண்டி அங்கே போய்த்தான் திரும்பி வந்தது.

வந்ததும் அவர்கள் கேட்டது, "மேல போற லைனை ஆஃப் பண்ணியாச்சா?" லைன்மேனைக் கூப்பிட்டு நிறுத்தினோம். கரண்ட் இல்லையென்றால் போர்வெல் மோட்டாரும் ஓடாதே! வண்டித் தண்ணீர் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ஏரியில் பம்பை இறக்கி மூன்று நடை நிரப்பி வந்தார்கள். இடையில் எங்கள் பையன்கள் மருந்தடிக்கும் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து தொழுவத்துக் கூரையை நனைத்துக்கொண்டே இருந்தார்கள்.

தீ அடங்கியதும் கிளம்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. போர் மேலே கறுத்து அணைந்தாலும் உள்ளே கங்கு கிடக்குமாம், காற்றுப் பட்டால் ராத்திரியில் மறுபடி பிடித்துக்கொள்ளுமாம். கொக்கியால் பிரித்துப் பிரித்து நனைத்தார்கள். என் வயதுள்ள ஒருவர், பிரித்த இடத்திலெல்லாம் புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். சித்தி மோர்ச் செம்பை நீட்டினார். "அந்த ஓரம் இன்னும் கொதிக்குதும்மா, முடிச்சிட்டு வர்றேன்" என்று போய்விட்டார். தொழுவமும் ஐந்து மாடுகளும் தப்பின.

இப்போதெல்லாம் நான் எல்லோரிடமும் சொல்வது: ஊரோடு ஒன்றியத்தையும் பக்கத்துப் பெரிய ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுப் பிரிவில் போய் நிற்கட்டும்.

*

எங்கள் பக்கம் தீயைவிடக் கிணற்றுக்குத்தான் அவர்களை அதிகம் கூப்பிடுகிறோம். பெரும்பாலும் ஆடு, மாடு. ஒருமுறை மனுஷன்.

தூர் வார, பெட்ரோல் இன்ஜினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இறங்கியவர் படியிலேயே சாய்ந்துவிட்டார். அவருடைய தம்பி பின்னாலேயே இறங்கப் போனார். நாலு பேர் அவரை அமுக்கிப் பிடித்துக்கொண்டோம். "என் அண்ணன் சாவுறதைப் பார்த்துட்டு நிக்கிறீங்களாடா" என்று அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. தீயணைப்பு வீரர்கள் முதுகில் சிலிண்டரும் முகமூடியும் மாட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கி, அவரை மேலே கொண்டுவந்தார்கள். மூச்சு இருந்தது. 108-ல் ஏற்றினோம், பிழைத்துக்கொண்டார்.

*

தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேலே கிணற்றைப் பற்றி எழுதியவருக்காக இது.

விளக்கைக் கட்டி இறக்கி, "எரியுது, இறங்கலாம்" என்று சொல்லும் வழக்கம் கிராமங்களில் உண்டு. அதை நம்பி இறங்காதீர்கள். விளக்கு எரிந்தால் உள்ளே பிராணவாயு இருக்கிறது, அவ்வளவுதான். இன்ஜின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அது சுடரை அணைக்காது, ஆளைச் சாய்த்துவிடும். மீத்தேன் தேங்கியிருந்தால் அந்த விளக்கே தீ வைத்துவிடும்.

அந்தத் தம்பியைப் பிடித்து நிறுத்திய நாலு பேருக்கும் என் வணக்கம். ஒருவரைக் காப்பாற்ற ஒருவராக இறங்கிய மூன்று பேரை, ஒரே கிணற்றிலிருந்து நான் வெளியே எடுத்திருக்கிறேன்.